பேய்க்கு யாருப்பா ஃப்ளாஷ்பேக் கேட்டது?

சாந்தோம் பீச் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போய் உட்கார்ந்தா ரெண்டு விஷயம் கட்டாயம் கிடைக்கும். ஒண்ணு, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. இன்னொண்ணு, யாராவது அவிழ்த்து விடற பேய்க்கதை. போன செமஸ்டர் லீவுல எங்களுக்கு ரெண்டும் ஒரே தட்டுல வந்து சேர்ந்துச்சு.

மேட்டர் இதுதான். எங்க கேங்ல ஒரு மெக்கானிக்கல் பார்ட்டி இருக்கான். வீடு சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னாடி, கடலை ஒட்டின குப்பத்துல. "மச்சி, டிமான்டி காலனி ஃபர்ஸ்ட் பார்ட்டை விட செகண்ட் பார்ட்தான்டா டாப்பு. முதல் படத்துல பேய் ஏன் கொல்லுதுன்னு முழுசா சொல்லவே இல்ல. ரெண்டாவதுலதான் எல்லாத்துக்கும் காரணம் சொன்னாங்க" என்றான். "காரணம் சொன்னதுதான்டா பிரச்னையே!" என்று நான் குதித்தேன். பஜ்ஜி ஆறிப்போச்சு, சண்டை ஆறலை. கடைசியில் ரெண்டு படத்தையும் அவன் வீட்டிலேயே அடுத்தடுத்து போட்டுப் பார்த்து பைசல் பண்ணிடலாம்னு முடிவாச்சு. தீர்ப்பு சொன்னது நாங்க ரெண்டு பேரும் இல்லைங்கறது தனிக் கதை. அது கடைசியில.

(கீழே கதையெல்லாம் பச்சையா உடைபடும். படம் பார்க்காத புண்ணியவான்கள் பார்த்துட்டு வந்து படிங்க பாஸ்!)

நாலு பேரு, ஒரு ரூமு

'டிமான்டி காலனி' வந்தது 2015 மே மாசம். அஜய் ஞானமுத்துவுக்கு முதல் படம். அருள்நிதி, ரமேஷ் திலக், சனந்த், அபிஷேக் ஜோசப்னு நாலே நாலு பசங்க. பாக்கெட்ல காசு இல்லாம, வாடகை ரூம்ல காலம் தள்ற பேச்சிலர்ஸ். ஒரு ராத்திரி உற்சாக பானம் உள்ளே போனதும் "வாடா, டிமான்டி காலனிக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கிளம்புறாங்க. அதுல ஒருத்தன் அங்கே இருந்த நெக்லஸை லவட்டிக்கிட்டு வந்துடறான். அவ்வளவுதான். அப்புறம் அந்த ரூம் கதவு அவங்களுக்குத் திறக்கவே இல்லை.

இந்தப் படத்தோட கெத்தே அந்த ரூம்தான். ஹாஸ்டல்ல இருக்கற யாருக்கும் அந்த ரூம் தெரியும். கொடியில காயற லுங்கி, மூலையில தண்ணி கேன், எப்பவும் ஓடற டிவி. நமக்கு ரொம்பப் பழகின இடத்துல, டிவிக்குள்ள அவங்களே தெரிய ஆரம்பிக்கறப்போதான் முதுகுத்தண்டு ஜில்லிடும். டிமான்டி யாரு, என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்வாங்க. ஆனா அது நாம கேள்விப்படற வதந்தி அளவுக்குத்தான். பாதி தெரியும், மீதியை நம்ம மூளை ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஃபில்-அப் பண்ணிக்கும். அந்த வேலையை நம்மகிட்டயே விட்டதுதான் டைரக்டரோட சாமர்த்தியம்.

முன்னாடியா... பின்னாடியா?

ஒன்பது வருஷம் கழிச்சு, 2024 ஆகஸ்ட் 15-ம் தேதி ரெண்டாவது பாகம் வந்துச்சு. அதே அஜய் ஞானமுத்து, அதே அருள்நிதி. இதுல விசேஷம், இது வெறும் 'அடுத்து என்ன' படம் இல்லை. முதல் படத்துக்கு முன்னாடி நடந்தது, அது நடக்கும்போதே பக்கத்துல நடந்தது, அதுக்கப்புறம் நடந்ததுன்னு மூணையும் சேர்த்துக் கட்டின படம். ப்ரீக்வல், சீக்வல் ரெண்டும் ஒரே டிக்கெட்ல!

டெபியா வர்றாங்க ப்ரியா பவானி சங்கர். கணவன் சாம் திடீர்னு தற்கொலை பண்ணிக்கிறான். ஏன்னு அவளுக்குப் புரியலை. மாமனார் அருண் பாண்டியன் துணையோட தேடிப் போறப்போ ஒரு காலேஜ் லைப்ரரி, அதுல ஒரு புத்தகம், அதைப் படிச்சவங்க வரிசையா செத்துப்போன கதைன்னு நூல் பிரியுது. ஒரு புத்த பிட்சு வர்றார். முதல் படத்துல செத்துட்டான்னு நாம நினைச்ச ஸ்ரீநி கோமாவில் கிடக்கிறான். அதே முகத்தோட ரகுன்னு இன்னொரு அருள்நிதி வந்து நிக்கிறார்.

உண்மையைச் சொல்லணும்ல? என்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா கைதட்டினேன். முதல் படத்தோட சீன்களுக்கு நடுவுல புது சீனை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்காங்க. எங்கேயும் பெருசா இடறலை. இந்த அசெம்பிளி வேலைக்கு மெக்கானிக்கல் நண்பன் நூத்துக்கு நூறு போட்டான். ஆனா ஒரு கேள்வி. "நீ எங்கேயாவது பயந்தியாடா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "டெபி, சாமைத் தேடி அழற இடத்துல ஒரு மாதிரி இருந்துச்சு. மத்தபடி... கணக்கு டேலி ஆகுதான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பாயின்ட்டே அங்கேதான் இருக்கு. முதல் படத்துல கதவைப் பார்த்துப் பயந்தோம். ரெண்டாவதுல சாவியை எண்ணிக்கிட்டு இருந்தோம்.

விடை தெரிஞ்ச கணக்கு

ப்ரீக்வல் எடுக்கறது ஈஸியா? நம்ம மேத்ஸ் பேப்பர் மாதிரிதான். விடையை முன்கூட்டியே போர்டுல எழுதிட்டாங்க. யார் சாவாங்க, யார் பிழைப்பாங்க எல்லாருக்கும் தெரியும். 'ஸ்டெப்ஸ் போட்டுக் காட்டு'ன்னு கேட்கறாங்க. ஸ்டெப்லயே சுவாரஸ்யம் இருந்தாதான் மார்க்கு.

அந்த மார்க்கை நல்லா வாங்கின ஒரு பையன் ஹாலிவுட்ல இருக்கான். பேரு டேமியன். 1976-ல ரிச்சர்ட் டோனர் எடுத்த 'தி ஓமன்' ஞாபகம் இருக்கா? நம்ம அப்பாக்கள் காலத்து டெரர். ரோம் நகர ஆஸ்பத்திரியில் அமெரிக்கத் தூதர் ராபர்ட் தார்னோட குழந்தை இறந்துபோச்சுன்னு சொல்றாங்க. 'இந்தா, இந்த அநாதைக் குழந்தையை எடுத்துக்கோ, உன் மனைவிக்குத் தெரிய வேண்டாம்'னு ஒரு பாதிரியார் நீட்டறார். அந்தக் குழந்தைதான் சாத்தானோட வாரிசு. தார்னா நடிச்சவர் கிரெகரி பெக். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தோட இசைக்கு ஆஸ்கர் கிடைச்சுது. அவர் வாங்கின ஒரே ஆஸ்கர் அதுதான்.

அந்தப் படத்துல டேமியன் அதிகம் பேசவே மாட்டான். சும்மா பார்ப்பான். அவன் அம்மா யாருன்னா, கல்லறையைத் தோண்டினா உள்ளே ஒரு நரியோட எலும்புக்கூடு! 'அவன் தாய் ஒரு நரி'ங்கற ஒரு சேதியோட படம் நகர்ந்து போயிடும். எப்படி, எதுக்கு, யாரு செஞ்சாங்க? மூச். நாற்பத்தெட்டு வருஷம் அந்தக் குழியை யாரும் மூடலை.

2024 ஏப்ரல்ல வந்த 'தி ஃபர்ஸ்ட் ஓமன்' அந்தக் குழிக்குள்ள இறங்குது. டைரக்டர் அர்கஷா ஸ்டீவன்சன். அவங்களுக்கும் இது முதல் சினிமா. கதை நடக்கறது 1971 ரோம். மார்கரெட்னு ஒரு இளம்பெண், கன்னியாஸ்திரி ஆகணும்னு ஆசையோட அநாதை இல்லத்துக்கு வர்றா. ஜனங்க கோவிலை விட்டு விலகிப் போறாங்களே, பயம் காட்டினா திரும்பி வருவாங்கன்னு உள்ளேயே ஒரு கும்பல் திட்டம் போடுது. அதுக்கு அவங்களுக்கு ஒரு அசுரக் குழந்தை வேணும். அதைச் சுமக்க ஒரு பொண்ணு வேணும். அந்தப் பொண்ணு தான்தான்னு மார்கரெட்டுக்குக் கடைசியிலதான் தெரியுது.

இங்கே கவனிங்க. பழைய படத்துல 'அம்மா'ங்கறது ஒரு எலும்புக்கூடு. புதுப் படத்துல அவளுக்கு முகம் இருக்கு, சிரிப்பு இருக்கு, தோழி இருக்கா, 'என் உடம்புல என்னைக் கேட்காம என்னடா பண்றீங்க'ங்கற கதறல் இருக்கு. நரிக் கணக்கும் ஒரு மாதிரி ஒப்பேத்தறாங்க. அது கொஞ்சம் இழுவைதான். 'எல்லாம் உனக்காகத்தான்'னு ஆயாப் பெண் தூக்கு மாட்டிக்கிற பழைய சீனை, இதுல ஒரு கன்னியாஸ்திரியை வெச்சுத் திரும்பப் பண்ணினதும் கொஞ்சம் ஜெராக்ஸ்தான். ஆனா மார்கரெட்டுக்காக நான் பயந்தேன். முடிவு தெரிஞ்சும் பயந்தேன். 'குழந்தை பிறக்கும், தார்ன் வீட்டுக்குப் போகும்'னு தெரியும். 'இவளுக்கு என்ன ஆகும்'னு தெரியாது. ப்ரீக்வலுக்கு உயிர் இருக்கற இடம் இதுதான்.

ஒரே ப்ரீக்வல், ரெண்டு தடவை!

சொதப்பலுக்கும் உதாரணம் வேணுமே? 1973-ல வில்லியம் ஃப்ரீட்கின் எடுத்த 'தி எக்ஸார்சிஸ்ட்'. ஆரம்பத்துல ஈராக் பாலைவனத்துல ஃபாதர் மெரின் ஒரு பழைய சிலைக்கு எதிர்ல நிப்பார். காத்து அடிக்கும், நாய் குரைக்கும். முன்னாடி ஆப்பிரிக்காவில் அவர் ஒருதடவை பேயோட்டினார், அதுல உயிரே போயிருக்கும்னு பின்னாடி ரெண்டு வார்த்தையில் வந்து போகும். அவ்வளவுதான் மெரினோட ஃப்ளாஷ்பேக். அந்த ரெண்டு வார்த்தையிலேயே அந்த மனுஷன் மேல நமக்கு ஒரு மரியாதை வந்துடும்.

அந்த ரெண்டு வார்த்தையை முழுப்படமா இழுக்கப் போனாங்க. பால் ஷ்ரேடர்ங்கற டைரக்டர் எடுத்து முடிச்சார். ஸ்டுடியோவுக்குப் பிடிக்கலை. 'பயம் பத்தலை'ன்னு ரென்னி ஹார்லினைக் கூப்பிட்டு, அதே ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டை மெரினா வெச்சு, திரும்பவும் எடுத்தாங்க. 2004-ல ஹார்லின் படம் வந்து மொக்கை வாங்கினதும், 2005-ல ஷ்ரேடர் படத்தையும் தூசு தட்டி வெளியில விட்டாங்க. ஒரே அரியர் பேப்பரை ரெண்டு தடவை எழுதியும் கிளியர் ஆகலை! ரெண்டுல ஷ்ரேடர் படமே தேவலைன்னு சொல்றவங்க கட்சியில நானும் இருக்கேன். அதுல மெரின்னு ஒரு மனுஷன் இருக்கார். மத்ததுல ரத்தமும் சத்தமும்தான் அதிகம்.

நம்ம ஊர் கணக்கு? 2005-ல வந்த 'சந்திரமுகி'யில பேயே கிடையாது. ஜோதிகாவோட கங்காவுக்கு மனநோய், ரஜினி டாக்டர். கடைசியில கிடைக்கிற விளக்கம்தான் அந்தப் படத்தோட ட்விஸ்ட். அதே பி.வாசு 2023-ல 'சந்திரமுகி 2' எடுத்து, அரண்மனைக் கதைக்குப் போய், வேட்டையனே நிஜ ராஜா இல்லை, ராஜாவைப் போட்டுத் தள்ளின தளபதி செங்கோட்டையன்னு ஒரு பூர்வகதை சொல்றார். இதுல பேய் நிஜமாவே வந்துடுது. முதல் படத்துல 'பேய்னு ஒண்ணு இல்லப்பா'ன்னு நம்மைத் தெளிய வெச்சுட்டு, ரெண்டாவதுல 'இருக்குப்பா'ன்னா, அப்போ அந்த டாக்டர் பாடுபட்டதெல்லாம் வேஸ்ட்டா பாஸ்?

ஸ்கோர் போர்டு

முதுகுத்தண்டு ஜில்: டிமான்டி-1. சந்தேகமே வேண்டாம். ஒரு ரூம், நாலு பேர், அது போதும்.

மூளைக்கு வேலை: டிமான்டி-2. பேப்பர், பேனா எடுத்துட்டு உட்காரணும்.

முடிவு தெரிஞ்சும் பதறவெச்சது: தி ஃபர்ஸ்ட் ஓமன்.

சொல்லாம விட்டே ஜெயிச்சது: 1976 ஓமன், 1973 எக்ஸார்சிஸ்ட்.

ரீ-எக்ஸாம்லயும் ஊத்திக்கிட்டது: எக்ஸார்சிஸ்ட் ப்ரீக்வல் பிரதர்ஸ்.

சினிமாவுக்கு முன்னாடி ஒரு டிமான்டி

இதோட கட்டுரையை முடிச்சிருக்கணும். ஆனா ரெண்டாவது படம் ஓடி முடிஞ்சு நாங்க கத்திக்கிட்டு இருந்தப்போ, நண்பனோட ஆயா உள்ளே வந்தாங்க. "இன்னாடா இது, டிமான்டி டிமான்டின்னு அலர்றீங்க? அந்த மனுசன் சொத்தையெல்லாம் கோயிலுக்குக் குட்த்துட்டுப் போனவருடா. அவரப் போயி பேயின்றீங்க."

எனக்கு ஷாக். முதல் வருஷம் ஹாஸ்டல்ல 'டிமான்டி காலனியில நாற்காலி தானா ஆடும், பூட்டின கதவு தானா திறக்கும், நானே பார்த்தேன்'னு சீன் போட்டு பாதிப் பேரைத் தூங்கவிடாம செஞ்சவன் நான்! சென்ட் மேரீஸ் ரோட்டுல பைக்கை நிறுத்தி வெளியில இருந்து எட்டிப் பார்த்ததோட சரி. சாந்தோம்லேர்ந்து பத்து நிமிஷம். பல வருஷம் ஆள் குடியில்லாம கிடந்த, மரம் மூடின வீடுகள். ராத்திரியில அந்த மாதிரி எந்த இடமும் பயமுறுத்தத்தான் செய்யும்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஜான் டிமான்டி நிஜ மனுஷன். போர்த்துக்கீசிய வம்சாவளி வியாபாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல மெட்ராஸின் பெரிய கைகள்ல ஒருத்தர். 'அர்பத்நாட் டிமான்டி அண்ட் கம்பெனி'யில பங்குதாரர். (பின்னாடி 1906-ல திவாலாகி ஊரையே தெருவுல நிறுத்தின அர்பத்நாட் இதோட வாரிசுதான். அந்த அடிக்கு அப்புறம்தான் 1907-ல இந்தியன் பேங்க் பிறந்துச்சு. மெட்ராஸோட நிஜ ஹாரர் படம் அது. ஆனா அதுக்கு எண்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே டிமான்டி போய்ச் சேர்ந்துட்டார்.) மகன் அவருக்கு முன்னாடியே இறந்துட்டதாவும், மனைவிக்கு மனநலம் சரியில்லாம போனதாவும் சொல்றாங்க. 1821-ல காலமானார். கோவளம் மாதா கோவில்ல அடக்கம். சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதி வெச்சார். ஆழ்வார்பேட்டை காலனி இருக்கற நிலம் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தோட சொத்தா ஆனது அப்படித்தான். அந்த மறைமாவட்டத்தோட தலைமைக் கோவில் எது தெரியுமா? நாங்க பஜ்ஜி தின்ன இடத்துக்குப் பின்னாடி வெள்ளையா நிக்கிற அதே சாந்தோம் சர்ச்!

பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா. உடம்புக்கு முடியாத மனைவி. ஆள் இல்லாத வீடு. இதுல பேய் எங்கே இருக்கு? ஒரு துக்கம்தான் இருக்கு. அந்தத் துக்கத்தை எடுத்து, மேலே கொஞ்சம் ரத்தம் தெளிச்சு, நாம பேயா மாத்திட்டோம். சினிமாவை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க கற்பனைக் கதைன்னு போட்டுத்தான் காட்டறாங்க. 'நானே பார்த்தேன்'னு சொன்னது நான்தானே?

ஆயா சொன்ன தீர்ப்பு

சாந்தோம்ல கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச்சுக்குப் பின்னாடி கடலைப் பார்த்து ஒரு கம்பம் நிக்குது. புனித தோமையார் நட்டது, அதைத் தாண்டி கடல் வராதுன்னு நம்பிக்கை. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தப்போ அக்கம்பக்கத்துக் குப்பங்களை அலை அடிச்சுது, சர்ச்சுக்குள்ள தண்ணி வரலை. அதனால அந்தக் கதை இன்னும் பலமாயிடுச்சு. ஒரே ஊர்ல ஒரு கதை ஆளைக் காப்பாத்துது, ஒரு கதை ஆளைக் கொல்லுது.

ஆயாகிட்ட "சும்மா ஜாலிக்குத்தானே ஆயா பேய்க்கதை?" என்றேன். அவங்க வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"என் வூட்டுக்காரரு கடலுக்குப் போனாரு. கட்டுமரம் வந்துச்சு, அவரு வர்ல. அப்பால ரெண்டு வருசம் இந்தக் குப்பத்துப் பசங்க ராத்திரியில அவரு கரையோரம் நடக்கறாருன்னு சொல்லினு இருந்தாங்க. கேக்கறவங்களுக்கு அது பேய்க்கத. எனுக்கு? நெசமாவே நடந்து வந்துட மாட்டாரான்னு நானும் போயி உக்காந்துனு இருந்தேன்டா."

நண்பன் டிவியை ஆஃப் பண்ணினான். அவனுக்கே இந்தக் கதை புதுசு. தாத்தா கடல்ல போனார்னு தெரியும். ஆயா கரையில் போய் உட்கார்ந்த கதையை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஆயா ஒரு மெழுகுவத்தியைக் கல்லறைக்கு எடுத்துட்டுப் போகாம கடற்கரையில் ஏன் ஏத்தறாங்கன்னு அவனுக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுதாம்.

எங்க சண்டைக்குத் தீர்ப்பு அங்கேயே கிடைச்சுடுச்சு. பேய்க்கு ஃப்ளாஷ்பேக் தேவையில்லை. அது எந்த நெக்லஸால வந்துச்சு, எந்தப் புத்தகத்தால வந்துச்சுன்னு சொல்லச் சொல்ல சின்னதாயிடும். ஆனா பேயாகறதுக்கு முன்னாடி அங்கே ஒரு ஆள் இருந்தாரே, அவருக்கு ஃப்ளாஷ்பேக் வேணும். மார்கரெட் நம்மை உலுக்கறதும், டிமான்டி-2ல டெபி அழறப்போ மட்டும் என் நண்பன் கணக்கை மறந்ததும் அதனாலதான்.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பைக்கை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர்ல கோவளம் போனோம். மாதா கோவில் வாசல்ல மதிய வெயில், பின்னாடி கடல் சத்தம், நிழல்ல ஒரு நாய் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பயமுறுத்தற மாதிரி அங்கே ஒண்ணுமே இல்லை. நண்பன் ஆயா குடுத்தனுப்பின மெழுகுவத்தியை ஏத்தினான். "யாருக்குடா, தாத்தாவுக்கா, டிமான்டிக்கா?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும்தான். ஒண்ணுதான் குடுத்தாங்க" என்றான்.

டிமான்டி மூணாவது பாகமும் அறிவிச்சாச்சு. ரிலீஸ் ஆனா முதல் நாள் முதல் ஷோ போவேன், வாய்விட்டு அலறுவேன், அதுல மாற்றமே இல்லை. ஆனா ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் ஜூனியர்ஸ்கிட்ட ஒரு பாக்கி இருக்கு. 'நானே பார்த்தேன்'னு சொன்ன கதைக்கு ஒரு ப்ரீக்வல் சொல்லணும். அதுல நாற்காலி ஆடாது.